ரோசி அக்காவின் மஞ்சள் தொப்பி

30 மே, வெள்ளி

வெயில். எட்டு மணிக்கே வாசல் சிமெண்டு சுடுகிறது. பள்ளி விடுமுறை, நான் சமைக்கும் கேண்டீன் மூடல். குண்டான்களைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. இனி எழுந்திருக்கும் நேரமெல்லாம் பின்னல்தான்.

தேவியின் குரல் செய்தி. பாலர் பள்ளி ஆசிரியை. எங்கள் பின்னல் குழுவைக் கட்டி மேய்ப்பவள். "ஆன்ட்டி, லீவுல மண்டபம் வேணாம் லா, ஃபேன் சரியா ஓடல, வேர்த்து கொட்டுது. அடுத்த ஞாயித்துக்கெழம பாந்தாய்ல, கடல் காத்துல உக்காந்து பின்னுவோம். ஆஸ்பத்திரில கொறமாசத்து பாப்பாங்களுக்கு தொப்பி. ஆளுக்கு ஒண்ணு கண்டிப்பா."

வாங்க: வெள்ளைப் பருத்தி நூல். வெங்காயம். பூனைக்கு மீன். வீட்டுக்காரருக்கு முட்டித் தைலம்.

ரோசி அக்கா வந்தால் நன்றாக இருக்கும். பாச்சாங்கிலிருந்து இங்கே மெர்லிமாவ் வரை அந்தப் பழைய காரை ஓட்டிக்கொண்டு வந்து, எங்கள் எல்லார் பின்னலையும் குறை சொல்லிவிட்டுப் போன மகராசி. ஒரு கண்ணி தப்பினாலும் ஒரே சொல்தான்: "பிரி." பாதி சால்வை முடிந்திருந்தாலும் பிரி. பொங்கலுக்குப் பிறகு பக்கவாதம். கால் தேறிவிட்டது, இடது கை மட்டும் எதையும் பிடிக்க மாட்டேன் என்கிறது. அதோடு வருவதை நிறுத்திவிட்டார். வாட்சப்பில் நீலக் குறி விழும், பதில் வராது.

சண்டை போட ஆள் இல்லாமல் மண்டபத்துச் சனிக்கிழமைகள் சப்பென்று இருக்கின்றன.

1 ஜூன், ஞாயிறு

தொப்பி ஆரம்பம். வட்ட ஊசியில், இரண்டு முனைகளையும் ஒரு வளையும் கம்பி இணைக்கிற ரகம். புது ஊசி, பார்க்க அழகு. மதியம் சமையல் இல்லை, நேற்றைய மீன் குழம்பு. அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் நாலு விரல் உயரம் வந்ததும் படம் பிடித்துக் குழுவில் போட்டேன். ஆளாளுக்கு இதயம், பூங்கொத்து. தேவி: "வாவ் ஆன்ட்டி!" எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு ஒரு வரி. ரோசி அக்கா.

"முறுக்கி இருக்கு. பிரி."

ஊசியை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன். உண்மைதான். முதல் வரிசைக் கண்ணிகள் ஊசியைச் சுற்றிப் புரண்டிருந்ததைக் கவனிக்காமல் இரண்டு முனைகளையும் சேர்த்துவிட்டேன். அப்படிச் சேர்த்தால் பிறகு இழுத்தாலும் நீவினாலும் நிமிராது. தலையில் போட்டால் தொப்பி இல்லை, முறுக்கு. இத்தனை இதயம் போட்டவர்களில் ஒருத்திக்கும் கண் தெரியவில்லை.

ஒரு நாள் வேலையைச் சரசரவென்று பிரித்தேன், பாட்டுப் பாடிக்கொண்டு. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன, லாட்டரி அடிச்சிருச்சா?"

கிட்டத்தட்ட.

3 ஜூன், செவ்வாய்

ரோசி அக்காவுக்கு ஃபோன். சூடு ஆறுவதற்குள் பேசிவிட வேண்டும் என்று.

"ஓம், சொல்லு பரமு."

ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன்.

"நீங்கள் எல்லாரும் பின்ன, நான் கையக் கட்டிக்கொண்டு கடலப் பாக்கவோ?"

"சாப்பாடு இருக்கு அக்கா. சும்மா சாப்பிட வாங்களேன்."

"சோத்துக்கே நான் வாறனான்? உனக்கென்ன விசரா?"

வைத்துவிட்டார். என் வாயைத் தைக்க வேண்டும். பின்னுகிற மனுஷியைப் பார்த்துச் சாப்பிட வா என்றால்?

5 ஜூன், வியாழன்

பாச்சாங். மோட்டாரில். ஹெல்மெட்டுக்குள் தலை வெந்துவிட்டது. வழியில் வாங்கிய பீசாங் கோரெங், வாழைப்பழப் பஜ்ஜி; போவதற்குள் பை முழுக்க எண்ணெய்.

திட்டுவார் என்று நினைத்தேன். "வெயிலுக்குள்ள வந்தியா, மடைச்சி" என்று ஆயர் சிராப் சர்பத் கரைத்துக் கொடுத்தார், ஒற்றைக் கையால். நான் உதவப் போகவில்லை. போனால் க்ளாஸ் என் மண்டைக்கு வந்திருக்கும்.

பின்னல் பை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. உள்ளே மஞ்சள் குழந்தைத் தொப்பி, பாதியில், இரண்டு ஊசிகளோடு. விழுந்த அன்று பின்னிக்கொண்டிருந்தது. வட்ட ஊசி சோம்பேறிகளுக்கு என்பார். இரண்டு ஊசியில் தட்டையாகப் பின்னிக் கடைசியில் தைப்பார். முயன்று பார்த்தாராம். இடது ஊசியை அக்குளில் இடுக்கி, தலையணையில் குத்தி, கதவிடுக்கில் கொடுத்து. எல்லாம் நழுவுகிறது.

"இந்தக் கை இப்ப ஆரின்ர கையோ தெரியாது, பரமு."

அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இந்த மனுஷி மேல் எனக்கு இவ்வளவு பாசம் என்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே.

கிளம்பும்போது கேட்டேன், ஞாயிறு?

"வந்தால் வருவன்."

8 ஜூன், ஞாயிறு

இடது தோள்பட்டை தூக்க முடியவில்லை. தைலம் இன்று எனக்கு. அவர் தேய்த்துவிட்டுச் சிரிக்கிறார்.

கடற்கரை. மரத்தடியில் பாய். காற்று, மணல், நூல் உருண்டைகளை விரட்டும் தேவி. வடை, தேங்காய்ப்பால் சோறு நாசி லெமாக், தர்பூசணி. பட்டம் விட வந்த ஒரு மலாய் அம்மா நின்று பார்த்துவிட்டு, தானும் ஊசி கேட்டு உட்கார்ந்துவிட்டார்.

சர்ச் முடிந்து, மகன் காரில் கொண்டுவந்து விட, ரோசி அக்கா. பின்னல் பையோடு!

எல்லோரும் எழுந்து நாற்காலி, விசிறி, தண்ணீர். "நான் என்ன பிரதமரோ? இருங்கோ எல்லாரும்." நான் மட்டும் எழவில்லை. இடது பக்கம் நகர்ந்து இடம் விட்டேன்.

அங்கே உட்கார்ந்து கடலைப் பார்த்தார். பிறகு மஞ்சள் தொப்பியை எடுத்தார். இடது ஊசியை அக்குளில் இடுக்கி, வலது கையால் நூலைச் சுற்றி, ஒரு கண்ணி. இரண்டாவதில் ஊசி நழுவி மணலில். யாரும் பார்க்காத மாதிரி எல்லோரும் பார்த்தார்கள். அவர் கழுத்து சிவந்தது. பையை மூடப் போனார்.

யோசிக்கவே இல்லை. ஊசியை எடுத்து மணலைத் தட்டி, ஒட்டி உட்கார்ந்து, என் இடது கையில் அவர் முன்னால் பிடித்தேன்.

"விடு."

விடவில்லை.

முறைத்தார். நானும் முறைத்தேன். அப்புறம் வலது ஊசி உள்ளே வந்தது.

"மேல தூக்கு. ஆட்டாதே. கண்ணியத் தள்ளிக் குடு... இறுக்கிப் பிடிக்காதே, அது என்ன மாட்டுக் கயிறோ?"

"நீங்க மெதுவா வாங்க லா!"

வரிசை முடிகிற இடத்தில் ஊசிகளை மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கேதான் ஒவ்வொரு தடவையும் சண்டை. தொடையோடு தொடை ஒட்டி வியர்வை. அவர் மூச்சு என் காதில். சாயங்காலத்துக்குள் தொப்பி முடிந்தது. ஓரத்தை நான் தைத்தேன், அவர் திட்டினார்.

தேவி வாங்கி விரித்துப் பார்த்தாள். அடிப்பாதி அக்காவின் பழைய கை, சீராக. மேல்பாதி ஓரிடம் தொளதொள, ஓரிடம் இறுக்கம், நடுவில் ஒரு கோடு நன்றாகவே தெரிகிறது. அவள் தயங்கித் தயங்கி, "ரோசி ஆன்ட்டி, மேல மட்டும் பிரிச்சிட்டு நான் வேணா..."

அக்கா தொப்பியைப் பிடுங்கித் தன் முட்டியில் மாட்டினார். தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார்.

"பிரிக்க வேண்டாம்," என்றார்.