அலவன்குடி அம்மனின் உப்பு

நாள் 58. 09:10
இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் ஃபெபியோலா, உலோக வேதியியல் பார்ப்பவள். இடம், கடலடிக் கூடம், இருபத்திரண்டு மீட்டர் ஆழம். காலுக்குக் கீழே, முப்பது வருஷத்துக்கு முன் மூழ்கிப்போன அலவன்குடி. அந்தச் சேற்றிலிருந்து எடுத்த வெண்கல அம்மன் காரக் கரைசல் தொட்டியில் படுத்திருக்கிறாள். உலோகத்துக்குள் ஊறிய உப்பு வெளியே வரவேண்டும். புதுக் கரைசலில் இறங்கும் உப்பின் இன்றைய அளவு, லிட்டருக்கு 410 மில்லிகிராம். ஐம்பதுக்குக் கீழே இறங்கினால்தான் அவளைக் காற்றில் வைக்கலாம். மற்றபடி எல்லாம் சரி.

நாள் 61. 07:45
அம்மன் முழங்காலில் வெளிர்பச்சைப் பொடி. தொட்டால் உதிர்கிறது. அடப்பாவமே! உப்பு, ஈரம், காற்று மூன்றும் சேர்ந்தால்தான் வெண்கலத்துக்கு இந்த நோய் வரும். தொட்டிக்குள் கிடப்பவளுக்குக் காற்று எங்கிருந்து வந்தது?

இங்கே என்னைத் தவிர இருப்பது முக்குளிப்பாளர் சபேசன் மட்டும். பிறந்தது இதே அலவன்குடியில். இன்டர்காமில் பிடித்தேன்.

"வெள்ளிக்கிழமை மட்டும்தான் மேடம். கப்பியில தூக்கி, துடைச்சு, பட்டு கட்டி ஒரு மணி நேரம் உக்கார வைப்பேன். பொணமாட்டம் தண்ணியில கெடக்கா. பாக்க முடியல."

எட்டு வாரமாக! வாய்க்கு வந்தபடி கத்தினேன். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நாள் 66. 14:20
வடக்குச் சுவரில் மூட்டு விட்டுக் கசிகிறது. மேலே நிற்கும் கப்பலிலிருந்து செய்தி: "நாளைக்குள்ள கிளம்புங்க. புயல் வருது. கூண்டை ஒரு தடவைதான் ஏத்த முடியும்." எங்களை மேலே ஏற்றும் அந்த அடைத்த அழுத்தக் கூண்டு இரண்டு பேரைத் தாங்கும். இல்லையென்றால், ஒரு ஆளையும் அம்மனையும் தாங்கும்.

உப்பு 360. என் முடிவு, அவளைத் திரும்பச் சேற்றிலேயே புதைப்பது. காற்றுப் புகாத கறுப்புச் சேறு. இத்தனை வருஷம் அதுதான் காப்பாற்றியது, இன்னும் முந்நூறு வருஷம் காப்பாற்றும். மேலே போனால் ஆறே மாசம், முகம் இருக்காது.

சபேசன்: "ஊரு முழுகுனதுலேர்ந்து எங்க சனம் நாலாயிரம் பேர் முகாம்ல காத்துக் கெடக்காங்க மேடம். மறுபடி பொதைச்சுட்டு வந்துட்டேன்னு எந்த மூஞ்சிய வச்சுச் சொல்ல?"

ஆனாலும் நாளைக்குக் குழி வெட்டுவேன் என்றேன்.

நாள் 67. 11:05
கூடத்துக்கு அடியில், சேற்றில் குழியை முடித்துவிட்டு ஏறி வந்தேன். தொட்டி காலி. கூண்டும் இல்லை. இன்டர்காமில் சபேசனைக் கூப்பிட்டேன்.

"மன்னிச்சிருங்க மேடம். மேல போனதும் கூண்டைத் திருப்பி அனுப்பச் சொல்றேன். சத்தியமா."

மடையன்! ஒரே தடவைதான் என்று அவனும் என்னோடு சேர்ந்துதானே கேட்டான். கூண்டில்லாமல் நீந்தி ஏறினால், இரண்டு மாசமாக இந்த ஆழத்து அழுத்தத்தில் ஊறிய உடம்பு பிழைக்காது. தண்ணீர் முழங்கால் வரைக்கும் வந்துவிட்டது.

நாள் 67. 16:30
கப்பலில் மைக்கைத் திறந்தபடி விட்டிருக்கிறார்கள். முகாம் ஜனம் படகில் வந்து ஏறியிருக்கிறது. குலவைச் சத்தம். "அம்மா வந்துட்டா! வந்துட்டாடீ!" பாலைக் கொண்டா என்று யாரோ கத்துகிறார்கள்.

நான்: "ஊத்தாதீங்க. அவள உடனே தொட்டியில போடுங்க. காத்துல வைக்காதீங்க." நாலு தடவை சொல்லிவிட்டேன்.

17:50
இடுப்பு வரை. குளிர்கிறது. ஒரு பெண் அம்மன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுகிறாள். அதைக் கேட்டு எனக்கும் அழுகை. சபேசனைத் திட்ட வாய் வரவில்லை. அந்த முழங்காலை மட்டும் யாராவது பார்த்தால் தேவலை. பொடி இந்நேரம் பரவியிருக்கும்

18:20
கூண்டு எப்போது வரும் என்று கேட்டேன். அலை ஜாஸ்தி என்றாவது சொல்லுங்கள். சபேசன், இருக்கீங்களா

மறுபடியும் கேட்டேன். நாயனச் சத்தம்தான் வருகிறது.