பச்சைக் கடுதாசியின் ஐந்தாவது வரி

இன்று காலை ஒட்டுக்கடையில் தேநீருக்குச் சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்தேன். நடுத்தாளை உருவி, வழக்கம்போலப் பாதியை மேசையின் எதிர்ப்பக்கம் வைத்தேன். வைத்த பிறகுதான் அந்த நாற்காலியில் நீ இல்லை என்பது நினைவுக்கு வந்தது. கைக்கு இன்னும் தெரியவில்லை போலிருக்கிறது. திருப்பி எடுக்கவும் மனம் வரவில்லை. மை வாசனையோடு உன் பாதி அங்கேயே கிடந்தது. நான் என் பாதியைப் படித்தேன்.

படித்தேன் என்று எழுதும்போது எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. நிஜமாகவே படித்தேன்.

கடையிலிருந்து வந்ததும் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கம் முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடுகிறது. அவசரம் ஒன்றுமில்லை. உனக்குத்தான் இப்போது நேரம் நிறைய இருக்கிறதே.

காப்பார் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் நீ குலை வெட்டினாய், நான் லோரியில் ஏற்றினேன். தோட்டத்தை விட்டு கிள்ளானுக்கு வந்த பிறகு, அடுக்குமாடியில் நீ நான்காவது மாடி, நான் இரண்டாவது மாடி. தினமும் காலை ஏழு மணிக்குக் கீழே இந்த ஒட்டுக்கடை. ஆளுக்கொரு தே, நடுவில் ஒரு பேப்பர். முன்பாதி உனக்கு, பின்பாதி எனக்கு. கொஞ்ச நேரம் கழித்து மாற்றிக்கொள்வோம். நீ தலையை ஆட்டி, "பாத்தியாடா, திரும்ப எண்ணெய் விலையை ஏத்தப் போறானாம்" என்பாய். நான் பந்து விளையாட்டுப் படத்தைப் பார்த்து, "இவனுங்க நேத்தும் தோத்துட்டானுங்கடா" என்பேன். இரண்டு பேரிடமும் கண்ணாடி இருந்தது. என்னுடையதை பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் வாங்கினேன். எனக்குப் பார்வைக் குறை எதுவும் இல்லை. கண்ணாடி போட்டவனைப் பார்த்து யாரும் படிக்கத் தெரியுமா என்று கேட்பதில்லை, அதற்காக வாங்கினேன்.

உனக்குப் படிக்கத் தெரியும் என்று நான் நம்பினேன். எனக்குத் தெரியும் என்று நீ நம்பினாய். முப்பது வருடம் இப்படி ஓடியது.

என் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டுக்கு வருகிற கடிதங்களைப் படிக்க ஆள் இல்லை. மகள் ஜொகூரில் இருக்கிறாள். தண்ணீர் பில் எது, ஆஸ்பத்திரி சீட்டு எது என்று நிறத்தை வைத்துப் பிரித்து வைப்பேன். ஒருநாள் ஆஸ்பத்திரித் தேதி கடந்து போய்விட்டது. அதன் பிறகுதான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் பெரியவர்களுக்குச் சனிக்கிழமை வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். கிள்ளானிலும் ஒரு வகுப்பு இருந்தது. அங்கே போனால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள். அதனால் கம்யூட்டர் ரயில் ஏறி அவ்வளவு தூரம் போனேன். யாராவது கேட்டால், சும்மா ஒரு வேலையாகப் போகிறேன் என்பேன்.

இரண்டாவது வாரம் படியேறி உள்ளே போனால், கடைசி பெஞ்சில் நீ உட்கார்ந்திருக்கிறாய். கையில் பென்சில்.

"நீ என்னடா இங்க?" என்றாய்.

"நீ என்னடா இங்க?"

"சும்மா. டீச்சரைப் பாத்துட்டுப் போலாம்னு."

"நானும் சும்மாதான்லா."

டீச்சர் ரயில்வே ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நம்மைவிடப் பத்து வயது இளையவர். நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் சும்மா வந்தவங்கன்னா ஒரே பெஞ்சுல உக்காருங்க அங்கிள். நோட்டை எடுங்க" என்றார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. பிறகுதான் தெரிந்தது, நாம் இருவரும் ஒரே ரயிலில்தான் வந்திருக்கிறோம். நீ முதல் பெட்டி, நான் கடைசிப் பெட்டி.

அன்று திரும்பும்போது ஒரே பெட்டியில் ஏறினோம். சுபாங் ஜெயா தாண்டியது. அதன் பிறகு கேட்டாய்.

"அப்போ பேப்பர்ல நீ என்னாடா பாத்துக்கிட்டிருந்தே?"

"படம். நீ?"

"நான் ஆறு மணிக்கே ரேடியோ கேட்டுட்டுத்தான் கீழ எறங்குவேன். அதைத்தான் உனக்குப் படிச்சுச் சொன்னேன்."

"அதான் உன் சேதியெல்லாம் பேப்பர் படத்தோட ஒத்தே வராது!"

எதிரே இருந்த பெண் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். ஆனால் சிரிக்கும்போதே எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. அந்தப் பச்சைக் கடுதாசி. உனக்கும் அப்போதே வந்திருக்குமோ என்னவோ, நான் கேட்கவில்லை.

தோட்டத்தை மூடப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட காலத்தில் வந்த தாள் அது. நாம் இருந்த லயத்து வரிசையில் நான்கு வீடுகள்தான் மிச்சம். இரண்டில் நாம், மற்ற இரண்டில் இந்தோனேசியாக்காரர்கள். ஒரு மத்தியானம் தோட்ட ஆபீஸ் கிராணி மோட்டார் சைக்கிளில் வந்து வீட்டுக்கு ஒரு பச்சைத்தாள் கொடுத்துவிட்டு, இறங்கக்கூடச் செய்யாமல் போய்விட்டார். ஒரு பக்கம் மலாய், மறுபக்கம் தமிழ். நீ உன்னுடையதைப் பிடித்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தாய்.

"படிச்சிட்டியாடா? என்னாவாம்?"

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். தெரியாது என்ற ஒரு வார்த்தை போதும். உன் எதிரில் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல. தண்ணி நிறுத்தறதைப் பத்தித்தான்" என்றேன்.

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு நீ போனாய். சொன்ன சொல்லைக் காப்பாற்ற, என் மனைவியிடமும் அந்தத் தாளைக் காட்டவில்லை.

சம்பள நாளன்று ஆபீசுக்குப் போனபோதுதான் தெரிந்தது, தோட்டத்தை விட்டுப் போகிறவர்களுக்குத் தரும் வீட்டுக்குப் பேர் எழுதுவது முடிந்துவிட்டது என்று. தரை வீடு. பின்னால் செடி வைக்க இடம். மற்ற லயத்துக்காரர்களுக்கெல்லாம் கிடைத்தது. நான் கிராணியிடம் கத்தினேன், யாரும் சொல்லவில்லை என்று. "கடுதாசி குடுத்தேனே" என்றார் அவர். "அதுல வீட்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல" என்றேன். நீ என் பக்கத்தில் நின்று, "நானும் படிச்சேன், இல்ல" என்றாய். நம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்றே பிறகு ஊர் முழுக்கச் சொன்னோம். நீ அந்தத் தாளைச் சாட்சியாக ஐசி அடையாள அட்டையோடு சேர்த்துப் பிளாஸ்டிக்கில் போட்டு வைத்துக்கொண்டாய். நான்காவது மாடி நடைபாதையில், பெயின்ட் டின்னில் கறிவேப்பிலை வளர்த்துக்கொண்டு, அந்தக் கிராணியைத் திட்டாத நாள் இல்லை உனக்கு. நீ திட்டும்போதெல்லாம் நானும் சேர்ந்து திட்டுவேன். கொஞ்சம் மெதுவாக.

வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருக்கும். வீட்டிலிருந்து படிக்க ஆசைப்படுகிற ஒரு தாளை ஆளுக்கொன்று கொண்டுவரச் சொன்னார் டீச்சர். பக்கத்து பெஞ்சு ஆன்டி மருந்துச் சீட்டைக் கொண்டுவந்தார். நான் தண்ணீர் பில் கொண்டுபோனேன். நீ சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தாய். மடிப்பு மடிப்பாக நைந்திருந்தாலும் அந்தப் பச்சை எனக்குத் தெரியாதா?

"டீச்சர், இது எங்களை ஏமாத்துன தாளு. இதுல வீடுன்னு ஒரு வார்த்தை இல்லன்னு நானே இன்னிக்குப் படிச்சுக் காட்டுறேன்" என்றாய்.

"வேற ஏதாச்சும் படிடா, எழுத்து அழிஞ்சிருக்கு" என்றேன்.

"நீ சும்மா இரு."

விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாய். முதல் வரியில் தோட்டத்தின் பெயர். அடுத்த மூன்று வரிகளில் வீட்டைப் பற்றி எதுவும் இல்லை. நான் உன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் படிக்கத் தெரிந்திருந்ததால் உன்னைவிட இரண்டு சொல் முன்னால் போய்விட்டேன். ஐந்தாவது வரியில் உன் விரல் நின்றது. வீடு வேண்டுவோர் வரும் வெள்ளிக்கிழமைக்குள் அலுவலகத்தில் பெயர் கொடுக்க வேண்டும். அதை இரண்டு முறை படித்தாய். இரண்டாவது முறை சத்தமே வரவில்லை.

"சரியா வாசிச்சீங்க அங்கிள்" என்று மட்டும் சொன்னார் டீச்சர்.

அன்று ரயிலில் நீ ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாய். ஷா ஆலம் தாண்டிய பிறகு நானே சொன்னேன்.

"நான்தான்டா ஒண்ணுமில்லன்னு சொன்னேன்."

"தெரியும்."

"அதை நம்பித்தான் நீ சும்மா இருந்தே."

நீ ஜன்னலிலிருந்து திரும்பினாய். "நீ சொல்லலன்னா நான் சொல்லியிருப்பேன்டா. உன் வாய் முந்திக்கிச்சு, அவ்வளவுதான். நான் வீட்டுல போயி, நானே படிச்சிட்டேன், ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன். அவளும் நம்பினா." பிறகு, "பாவம்டா அந்தக் கிராணி. முப்பது வருஷம் திட்டியிருக்கோம்" என்றாய்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் நீ கடைக்கு இறங்கி வரவில்லை. மேலே வந்து கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை. தினமும் பேப்பரைப் பிரித்து உன் பாதியை எதிரே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அந்த வாரத்தில் நான் படித்த எதுவும் மண்டையில் ஏறவில்லை. எட்டாம் நாள் வந்தாய். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, உன் பாதியை எடுத்து உதறினாய்.

"இனிமே ரேடியோ கெடையாது. சத்தமா படிப்போம். தப்பாப் படிச்சா உன் ரொட்டி எனக்கு."

அன்று மட்டும் என் ரொட்டியில் முக்கால்வாசியை நீ தின்றாய். அவ்வளவு தப்பு. ஆனால் நானும் விடவில்லை. அடுத்த மாதத்தில் உன் ரொட்டி பாதி நாள் என் தட்டில்தான் இருந்தது. கடைக்கார அண்ணன், "ரெண்டு பெரியவரும் பேப்பருக்குச் சண்டை போடுற ஒரே கடை இதுதான்லா" என்பார். அந்த ஒன்றரை வருடம் நமக்கு நல்ல காலம். தெருப் பலகை, பஸ் நம்பருக்குக் கீழே உள்ள ஊர்ப்பெயர், கோயில் நன்கொடையாளர் கல்வெட்டு, எதையும் நாம் விட்டுவைக்கவில்லை.

கிள்ளான் ஆஸ்பத்திரியில் நீ இரண்டு நாள்தான் படுத்திருந்தாய். முதல் நாள் என் பாதியைப் படித்தேன். இரண்டாம் நாள் இரண்டு பாதியையும் நானே படித்தேன். நீ தப்பு எதுவும் சொல்லவில்லை. அடுத்த நாளுக்கு அடுத்த நாள் உன் படம் பேப்பரில் வந்தது, உன் பாதியில். பெயர், வயது, ஊர், எல்லாவற்றையும் நானே எழுத்துக் கூட்டாமல் படித்தேன். தப்பு எதுவும் இல்லை.

இன்று காலைக்கு வருகிறேன். நம் அடுக்குமாடிக்குப் பின்னால் காலியாகக் கிடக்கிற நிலத்தில் காய்கறி போட விரும்புகிறவர்களுக்கு ஆளுக்கொரு பாத்தி தருகிறார்கள். கீழே பலகையில் தாள் ஒட்டியிருக்கிறது. நான் நேற்றே பெயர் கொடுத்துவிட்டேன். கைநாட்டு இல்லை, கையெழுத்து. உன் மகளிடம் சொல்லி உன் கறிவேப்பிலையை டின்னிலிருந்து எடுத்து அங்கே நடப் போகிறேன்.

உன் பாதி எதிரே கிடக்கும்போது மூன்றாவது மாடியில் இருக்கிற ஜாகாக்காரர் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும். இரவுக் காவல் முடித்துச் சீருடையோடு வந்திருந்தார்.

"அங்கிள், கீழ போர்டுல என்னமோ ஒட்டியிருக்காங்களே, என்னா அது? கண்ணாடியை வேலை எடத்துல வெச்சுட்டேன்."

அவர் சட்டைப் பையில் கண்ணாடி இருந்தது.

நான் அதைப் பார்க்காததுபோல எழுந்தேன். "வாங்க, போயி பாப்போம்" என்றேன். பலகைக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, மெதுவாக, கடைசிவரை படித்தேன். எந்த வரியையும் விடவில்லை. கடைசி நாள் எது என்று இரண்டு முறை படித்தேன். அவர் கண் என் விரலோடு சேர்ந்தே நகர்ந்தது.

திரும்பி நடக்கும்போது கேட்டார். "சனிக்கிழமையானா பையைத் தூக்கிக்கிட்டு எங்கதான் போறீங்க அங்கிள்?"

"சும்மாதான். பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும். நீங்களும் சும்மா வாங்களேன்."

அவர் கடைவரை என் கூடவே வந்தார். உன் நாற்காலியில் உட்கார்ந்தார். உன் பாதியை எடுத்துப் பிரித்தார். நான் என் பாதியைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன்.