பத்து லட்சத்து ஒன்று

ஓசூர், 9-2-1954

ஆறாம் வகுப்புக்கு அரை எது, கால் எது என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. வீட்டுக்கு வந்தால், ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்கிறாள் அம்மா. மாப்பிள்ளை பேர் கங்கப்பன். கிருஷ்ணகிரியில் கணக்கு வாத்தியாராம். ஒரே வீட்டில் இரண்டு கணக்கு வாத்தியார்களா! சாம்பார் யார் வைப்பது?

14-2-1954

வந்தார்கள். பாடச் சொன்னார்கள். என் குரலைப் பற்றி நன்றாகத் தெரிந்த நாராயணப்பன் மாமா முந்திக்கொண்டு, "பாட்டெல்லாம் எதுக்குங்க? எங்க ருக்மணி கணக்குல புலி. எதை வேணா கேளுங்க" என்றுவிட்டார்.

மாப்பிள்ளை வெற்றிலைத் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "பத்து லட்சத்து ஒண்ணு பகா எண்ணா, இல்லீங்களா?"

பெண் பார்க்க வந்த இடத்தில் கேட்கிற கேள்வியா இது! வகுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றேன்.

"நான் பார்த்துட்டேன். எதுலயும் வகுபடாது. பகா எண்தான்."

அவர் அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. "ஒண்ணுல முடியுதே, மொய்ப்பணம் மாதிரி! நல்ல சகுனந்தான்."

ஆளைப் பிடித்திருக்கிறது. காது மட்டும் கொஞ்சம் பெரிசு.

15-2-1954

3, 7, 11, 13 என்று ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போனேன். 97 வரைக்கும் மீதி நின்றது. அடுத்தது 101. மீதியே இல்லை! 101 × 9901. மனுஷன் இரண்டு இலக்கத்தோடு கடையைக் கட்டிவிட்டார் போலிருக்கிறது. ஆயிரம் வரைக்கும் பார்த்திருக்க வேண்டாமா?

அம்மாவிடம் சொன்னேன். "வாயை மூடிக்கிட்டு இரு. தாலி ஏறட்டும், அப்புறம் சொல்லிக்கோ."

அப்புறமா? தப்பு என்று சொன்னால் தாங்காத ஆள் என்பது தாலி ஏறின பிறகு தெரிந்து என்ன பிரயோசனம்? இவரை விடவும் மனசில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியலையே, நான் என்ன பண்ணுவேன்?

18-2-1954

மாமா நாளைக்குப் புளி விற்கக் கிருஷ்ணகிரி சந்தைக்குப் போகிறார். மாப்பிள்ளையைப் பார்த்து நூற்றொன்றால் வகுக்கச் சொல்லுங்கள் என்றேன். "வந்த சம்பந்தத்தை ஏம்மா கெடுத்துக்கறே?" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் சொல்கிறேன் என்றார்.

19-2-1954

கடைசி பஸ்ஸும் வந்துவிட்டது. மாமாவைக் காணோம். போச்சு, எல்லாம் போச்சு.

20-2-1954

மாமா வந்தார். கங்கப்பன் சந்தையிலேயே, சட்டைப்பையிலிருந்த சாக்பீஸால் புளி மூட்டை மேல் வகுத்தாராம். முகம் சிவந்துவிட்டதாம். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தாராம்.

"தொண்ணூத்தேழோட நிறுத்தித் தொலைச்சேனே! சீக்கிரம் நாள் பாருங்க மாமா. தாமதிச்சா வேற எவனாவது கட்டிக்கிட்டுப் போயிடுவான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷம்தான். அம்மா, வெங்காயமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

கிருஷ்ணகிரி, 3-1-1955

பத்துக் கோடியே ஒன்று பகா எண் என்று நேற்று நான் அடித்துச் சொன்னேன். இன்று காலையில் பல் விளக்கிக்கொண்டே, "ருக்கு, பதினேழால வகுபடுதே" என்கிறார். அதெப்படி வகுபடும்? வகுத்தேன். வகுபடுகிறது. சரி, அதைச் சிரிச்சுக்கிட்டேதான் சொல்லணுமா? காலையிலிருந்து நான் அவரிடம் பேசவில்லை.

4-1-1955

இன்றும் பேசவில்லை. அவர் பாட்டுக்குத் தானே காப்பி போட்டுக் குடித்துவிட்டு, எனக்கும் ஒரு டம்ளர் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போயிருக்கிறார். அன்றைக்கு, தப்பைச் சொன்னால் தாங்குவாரா என்று நான் அவரைச் சோதித்துப் பார்த்தேன். அவருக்கும் என்னை அப்படிச் சோதித்துப் பார்க்கத் தோன்றியிருந்தால் இந்தக் கல்யாணம் நடந்தே இருக்காது.