ஆம்ப்ளிஃபயரை அணைத்த நைனாவுக்கு

என் ஆசை நைனா,

ஆசை என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பொய் இல்லை, ஆசைதான். ஆனால் போன புரட்டாசியில் நீ போனதிலிருந்து உன்மேல் இருக்கிற ஆத்திரம் ஒரு பொட்டுகூடக் குறையவில்லை. செத்தவரைத் திட்டக்கூடாது என்கிறாள் அம்மா. உயிரோடு இருந்தபோது திட்டுவதற்கு நீ எங்கே இடம் கொடுத்தாய்?

முதலில் ஊர்ச் சேதி. பென்னலூர் ஏரிக்கரைப் பக்கம் இன்னொரு கம்பெனிக்கு மதில் எழுப்புகிறார்கள். நீ கட்டிவிட்ட ஆஸ்பெஸ்டாஸ் ரூம்களில் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள் நிறைந்திருக்கிறார்கள். ஷிப்டுக்கு ஷிப்டு பாய் மாறிப் படுக்கிறார்கள். நான் ஒரகடம் பக்கம் காருக்குப் பிரேக் செய்கிற கம்பெனியில் லைனில் நிற்கிறேன். 'ஏழுமலை சவுண்ட் சர்வீஸ்' போர்டு இன்னும் வாசலில்தான் தொங்குகிறது. பெற்ற பிள்ளையின் பெயரை அத்தனை பெரிதாக எழுதி வைத்தவன், மேடையில் ஒரு தடவைகூட அந்தப் பெயரைச் சொல்லவில்லையே, ஏன் நைனா?

எல்லாம் ஒரு மைக் டெஸ்டில்தான் ஆரம்பித்தது. கல்யாண வீட்டில் நீ மரத்தின் மேல் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தாய். "டேய், கீழ மைக்க புடிச்சி எதுனா பேசுடா, சவுண்டு வர்தான்னு பாக்கலாம்" என்றாய். எனக்குப் பேச ஒன்றும் தோன்றவில்லை. அம்மா நடவு நடும்போது பாடுவதைப் பாடினேன்.

'செவலக்கன்னு துள்ளுதடி, சேத்து வயல் தள்ளுதடி.'

பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்து வந்து பார்த்தார்கள். மரத்தின் மேலிருந்து நீ சிரித்தது எனக்கு இன்னும் தெரிகிறது. எனக்கு அப்போது எட்டு வயது. உன்னைப் போல ஒரு நைனா உலகத்தில் கிடையாது என்று நினைத்தேன்.

அடுத்த ஆடிக்கே சுவரெல்லாம் நோட்டீஸ். 'எட்டு வயதுக் குட்டிக்குயில் பாடும் கிராமியப் பாடல்கள்.' ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், எங்கே அம்மனுக்குக் கூழ் ஊற்றினாலும் நான்தான். ஆயுத பூஜைக்குக் கம்பெனிகளிலும் கூப்பிட்டார்கள். மெஷினுக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, அதன் பக்கத்தில் என்னை ஸ்டூல் மேல் நிற்க வைத்தார்கள். நீ காஞ்சிபுரத்தில் ஒரு கேசட்டும் போட்டாய். அட்டையில் நான் மயில் இறகு வைத்துக்கொண்டு பல் இல்லாமல் சிரித்தேன். அந்த நாட்கள் எனக்கும் பிடித்திருந்தன. அதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் எனக்கு ஒன்பது வந்தது நைனா. பத்து வந்தது. நோட்டீஸில் மட்டும் எட்டு அசையவே இல்லை. கால்சட்டைக்குக் கீழே முழங்கால் நீண்டுகொண்டே போனது. மீசை அரும்பியதும் விடியற்காலையில் கடை திறக்கும்போதே சலூனுக்கு இழுத்துக்கொண்டு போய், "யாராண்டயும் சொல்லாதப்பா" என்று சொல்லி வழிக்க வைத்தாயே, அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் அழுதது உனக்குத் தெரியுமா? மீசை வந்தால் பையன்கள் ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிவார்கள். நான் திருட்டுச் சாமான் போல மறைத்துக்கொண்டு திரிந்தேன்.

பிறகு குரல் உடைந்தது. எந்த வீட்டில்தான் உடையாது? ஆம்பளைப் பிள்ளை பெற்றவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். உனக்கு மட்டும் அது நோய். மிளகு, பனங்கற்கண்டு, ஆடாதொடைக் கஷாயம், பச்சை முட்டை என்று விடாமல் தொண்டையில் ஊற்றினாய். குச்சி ஐஸ் கூடாது, மாங்காய் கூடாது, கூட்டாளிகளோடு கத்தி விளையாடக் கூடாது. அந்தப் பழைய உச்சிக்கு ஏறச் சொல்லி, ஏறாதபோது முதுகில் போட்டாய். ரத்தம் வருகிற மாதிரி தொண்டை எரியும். "வளர்ற புள்ளய்யா, வுட்ரு" என்றாள் அம்மா. "அவன் வளந்தா யாருடி கூப்டுவான்?" என்றாய் நீ. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். பெற்றவன் சொல்கிற பேச்சா அது?

அந்த வருஷம் ஆடியில் நீ கண்டுபிடித்த வித்தை இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பெல்லாம் எரிகிறது. மேடைக்குப் பின்னால் டேப் ரெக்கார்டரில் என் பழைய கேசட் ஓடும். முன்னால் நான் வாயை மட்டும் அசைக்க வேண்டும். என் குரலுக்கு நானே வாயசைத்தேன். கூழ் ஊற்றிய ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஜனங்கள் கைதட்டினார்கள். நான் கூனிக் குறுகி நின்றேன்.

சுங்குவார்சத்திரத்தில் கரண்ட் போன சாயங்காலத்தை நீ மறந்திருக்க மாட்டாய். ஆம்ப்ளிஃபயரை பேட்டரிக்கு மாற்றினாய், டேப் ரெக்கார்டரை டார்ச் லைட் செல்லுக்கு மாற்றினாய். வேலை என்றால் உன்னிடம் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கு இரண்டு கோயிலுக்கு ஒப்புக்கொண்டிருந்தாய். புது செல் எல்லாம் இன்னொரு கோயிலுக்குப் போன பெட்டியில் போய்விட்டது. பழைய செல்லில் கேசட் எப்படி இழுக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். செவலக்கன்னு மெதுவாகத் துள்ளியது. அப்புறம் துள்ளவே இல்லை. குட்டிக்குயிலின் குரல் இறங்கி இறங்கி, கள் குடித்த கிழவன் குரலாகிவிட்டது. நான் வாயைத் திறந்தபடி நிற்கிறேன். ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கிறது.

கூட்டத்தின் ஓரத்தில் நம் ரூமில் குடியிருந்த கருப்பசாமி நின்றிருந்தான். கம்பெனி யூனிபார்மைக்கூட மாற்றாமல் வந்திருந்தான். அவன்தான் கத்தினான். "ஏல தம்பி, அந்தப் பெட்டிய விடு. உன் வாயால பாடுல, கேப்போம்!"

நான் பாடினேன் நைனா. உச்சிக்குப் போகவில்லை. என் தொண்டை எங்கே நின்றதோ அங்கிருந்தே எடுத்தேன். மெட்டு அம்மாவுடையது, வார்த்தை நானாகக் கட்டியது. கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போகிற நம் ஊர் அக்காக்களைப் பார்த்துப் பார்த்து மனதுக்குள் வைத்திருந்தேன்.

'நாத்து நட்ட கையி இப்போ நட்டு போல்ட்டு முறுக்குதடி,
சேத்து வாசம் போன கையி சோத்துலயும் மணக்கலடி.'

சிரிப்பு நின்றது. முன்வரிசையில் ஒரு அம்மா கூழ்ச் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அடுத்த அடியை எடுப்பதற்குள் மைக் செத்துவிட்டது. பேட்டரி இறங்கிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பினால், ஆம்ப்ளிஃபயர் குமிழ் மேல் உன் கை இருந்தது. மைக் இல்லாமலே பாடினேன். நீ மேடை ஏறி வந்து சட்டைக் காலரைப் பிடித்து இறக்கினாய். டி.வி.எஸ். ஃபிப்டியில் வரும்போது ஒன்றே ஒன்று சொன்னாய். "குயிலு பூட்ச்சிடா. இனிமே பாடி இன்னா பண்ணப் போற?"

எது போனது நைனா? நான் உன் முதுகுக்குப் பின்னால்தானே உட்கார்ந்திருந்தேன்?

அதற்குப் பிறகு நீ என்னைப் பாடச் சொல்லவே இல்லை. ஆனால் அந்தக் கேசட்டை விட்டாயா? காதுகுத்து, வளைகாப்பு, கட்சிக் கூட்டம், எங்கே மைக் செட் கட்டினாலும் அதைத்தான் முதலில் போட்டாய். "எம் புள்ள பாட்னதுப்பா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாய். அந்தப் பிள்ளை பக்கத்தில் வயர் சுற்றிக்கொண்டிருந்தான். நான் குளிக்கும்போது பாடினால்கூட எழுந்து தெருவுக்குப் போய்விடுவாய். அது ஏன் என்று நான் கடைசிவரை கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

நீ மாரடைப்பில் போன அன்றைக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சித்தப்பா வேப்பமரத்தில் ஸ்பீக்கரைக் கட்டி, உனக்குப் பிடிக்குமே என்று அந்தக் கேசட்டையே போட்டுவிட்டார். நீ மாலையோடு படுத்திருக்கிறாய், உன் தலைமாட்டில் எட்டு வயதுப் பிள்ளை பாடிக்கொண்டிருக்கிறது. கொள்ளி வைக்க வேண்டியவன் வாசலில் மீசையோடு நிற்கிறேன். நான் நேராகப் போய் ஆம்ப்ளிஃபயரை அணைத்தேன். "சாவு வூட்ல இன்னாடா ரோஷம் உனுக்கு?" என்று சித்தப்பா சட்டையைப் பிடித்தார். எனக்கு அழுகை வரவில்லை. ஊர் அதையும் பேசிற்று.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சுங்குவார்சத்திரத்துக் கோயில்காரர்கள் வந்திருந்தார்கள். வரும் ஆடிக் கூழுக்கு மைக் செட் வேண்டுமாம். கருப்பசாமியும் கூட இருந்தான். "அன்னைக்கி பாதில நிறுத்தினியே, மிச்சத்த எப்பல பாடுவ?" என்று கேட்டான். இத்தனை வருஷம் அவன் அதை ஞாபகம் வைத்திருக்கிறான். ஒப்புக்கொண்டேன். அம்மா உன் ஆம்ப்ளிஃபயரைத் துணி போட்டுத் துடைத்து வைத்தாள்.

ஆகவே இது என் வாக்கு. அதே கோயில், அதே மேடை. ஸ்பீக்கரை நீ கட்டுகிற மாதிரியே உயரத்தில் கட்டுவேன். கேசட் பெட்டி வீட்டிலேயே இருக்கும், மீசையை வழிக்க மாட்டேன். நோட்டீஸில் என் சொந்தப் பெயர் இருக்கும். நீ நிறுத்திய அடியிலிருந்து பாடுவேன். இந்த முறை குமிழில் கை வைக்க நீ எழுந்து வர முடியாது. எழுந்து தெருவுக்குப் போகவும் முடியாது. முழுசாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பாடுவதற்கு முன்னால் மைக் டெஸ்ட் பண்ணுவேன். நீ சொல்லிக் கொடுத்த ஹலோ, ஒன் டூ த்ரீ எதுவும் இல்லை. நீ கேட்கவே மாட்டேன் என்ற இந்தக் குரலில், ஊருக்கே கேட்கிற மாதிரி, "நைனா" என்று கூப்பிடுவேன்.

உன் மகன்,
மீசை முளைத்த ஏழுமலை