இருட்டில் விழிக்காத மரபணு

இன்று ஆய்வகத்தில் ஒரு குடுவையின் பஞ்சடைப்பை எடுத்ததும் புதுமழை விழுந்த வயலின் வாடை வந்தது. நீலப்பச்சைப் பாசியின் வாடை. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அந்த வாடை வந்தால் உன்னை நினைக்காமல் இருக்க எனக்கு இன்னும் தெரியவில்லை.

நாம் ஒரே ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த புதிதில், கொட்டாரம் வயலில் சேர்ந்து அள்ளிய பாசி அது. குளிர் பட்டால் அது என்ன செய்கிறது என்பதுதான் என் ஆய்வு. "நம்ம ஊருல குளிரு எங்க கெடக்கு, அதப் போயி படிக்கியா?" என்று சிரித்தாய். குளிரில் அதன் செல்லைப் பொதிந்திருக்கும் சவ்வு, உறைந்த தேங்காய் எண்ணெய்போல இறுகும். அதை இளக்கும் நொதிக்கான மரபணு அப்போது விழிக்க வேண்டும்.

சோதனையை மூன்று முறை செய்து பார்த்தேன். மூன்று முறையும் விழிக்கவில்லை. ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய நாளோ நெருங்கிவிட்டது. மற்றவர்களுக்கு வந்ததுபோல எனக்கும் வந்ததாக எழுதிவிடலாம் என்று அட்டவணையில் எண்களை நிரப்பினேன். உன்னிடம் மட்டும் காட்டினேன்.

நீ கோபப்படவில்லை. "ஏட்டி, வராதத வந்துதுன்னு எழுதுனா, பொறவு ஆயுசுக்கும் அதக் காப்பாத்தணும். ஒனக்கு முடியுமா?" என்றாய். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். "செஞ்சத ஒண்ணு விடாம சொல்லு."

சொன்னேன். குளிர்பெட்டிக்குள் சூடு ஏறுகிறதே என்று விளக்கை அணைத்ததையும் சொன்னேன்.

"லைட்ட அணச்சியா?"

"சூடு ஏறப்பிடாதுன்னுதான்."

"வெளிச்சத்துல வாழுற உயிரு அது. இருட்டுல போட்டுட்டு எந்திரின்னா எப்படி எந்திரிக்கும்?"

உன் சொந்த ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தைத் தள்ளிவைத்துவிட்டு, குழித்துறையிலிருந்து பத்து நாள் காலையில் முதல் பஸ்ஸில் வந்தாய். ஒரு குடுவை வெளிச்சத்தில், ஒன்று இருட்டில்; இரண்டுக்கும் ஒரே குளிர். வெளிச்சத்தில் இருந்ததில் மரபணு விழித்திருந்தது. இருட்டில் இருந்ததில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. நான் மறைக்கப் பார்த்ததே என் ஆய்வேட்டின் நல்ல அத்தியாயமாயிற்று. வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் அதைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்.

நான் இட்டு நிரப்பிய எண்களைப் பற்றி நீ யாரிடமும் சொன்னதில்லை. நீ நோயில் படுக்கையாய் இருந்த நாளில் உன் கணவரிடம் நானே சொன்னேன். அவர் உன்னைத் திரும்பிப் பார்த்தார். "அதெல்லாம் எப்பமோ மறந்தாச்சு மக்கா" என்றாய். மறக்கவில்லை என்று உன் முகம் சொன்னது.

இப்போதும் என் சோதனைகள் பல பொய்த்துப்போகின்றன. அன்றன்றே குறிப்பேட்டில் 'வரவில்லை' என்று எழுதி, கீழே தேதியும் போட்டுக் கையெழுத்திடுகிறேன்.