பாப்பா தூங்காத மதியம்

மில்லில் இரவு வேலை முடித்து வந்த முத்திருளன் அசந்து தூங்கினான். திருமங்கலத்துக்குத் தையல் பரிட்சை எழுதக் கிளம்பிய சோலையம்மாளுக்குக் கணவனை எழுப்ப மனம் வரவில்லை. "நீ பரிட்சைக்குப் போனா புள்ளைய யாரு பாக்குறது?" என்று அவன் நேற்றுப் போட்ட சண்டையும் இன்னும் ஆறவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள்.

"பாப்பா பக்கத்து வீட்டுல இருக்கா, பசிச்சா வருவா. சோறும் கருவாட்டுக் குழம்பும் மூடி வச்சிருக்கேன். அவளுக்கு நாலு வயசாயிருச்சு, இனிமே மதியம் தூங்க மாட்டா. அதட்டாதீக. என் பித்தான் டப்பாவைக் குடுங்க. நெறம் நெறமாப் பிரிச்சு, நூல்ல கோத்துக்கிட்டு அவ பாட்டுக்கு இருப்பா. நீங்க தூங்கலாம்."

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினாள்: "கோவத்தோட போகல. சாயங்காலம் வாரேன்."

அவள் திரும்பியபோது கதவைத் திறந்த மகள் உதட்டில் விரல் வைத்தாள்.

"சத்தம் போடாதம்மா. அப்பாவுக்கு எண்ணிக்கை தப்பிரும்."

உள்ளே முத்திருளன், கண் சிவக்க, சம்மணமிட்டுப் பச்சைப் பித்தான்களைக் கோத்துக்கொண்டிருந்தான். கழுத்தில் ஏற்கெனவே ஒரு மாலை கிடந்தது.

"நீங்க தூங்கலையா?"

"எங்கிட்டுத் தூங்க?" என்றான் தலை நிமிராமல். "நாளைக்கும் பரிட்சை உண்டா?"