வாழ்த்து மடலில் ஒரு வரி

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். ஆஸ்பத்திரி ஆபீஸ் ஃபேன் சுற்றுகிறது, காற்றுதான் இல்லை.

சூப்பிரண்டு கூப்பிட்டார். சனிக்கிழமை டாக்டர் மங்கைக்குப் பாராட்டு விழா. வைரஸ் ஆராய்ச்சி, கல்லீரல் நோய், இத்தனை வருடச் சேவை, அதற்காக. வாழ்த்து மடல் எழுதி, அச்சுக்குக் கொடுத்து, மேடையில் படிப்பதும் நானே. "உனக்குத்தான்யா தமிழ் நல்லா வரும், ஏழுமலை." ஐஸ் வைக்கிறார்.

என் கேள்வி ஒன்றுதான். எதற்கு இப்போது? அந்த அம்மா வருடக்கணக்காக அந்த மூலை லேபில்தான் இருக்கிறார். அப்போதெல்லாம் ஒரு சால்வைக்கு வழியில்லை. ரிடையர்மெண்டும் இல்லை. மேலே யாரோ சொல்லியிருக்க வேண்டும். விசாரித்தேன். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

வாங்க வேண்டியவை: சால்வை, சந்தன மாலை (பூ மாலை அரை நாளில் வாடிவிடும்), மடலுக்குக் கண்ணாடிச் சட்டம், தட்டு.

சாயங்காலம் லேப் உதவியாளர் காசி வந்தான். "சார், மேடம் உங்கள ஒருவாட்டி வந்துட்டுப் போவச் சொன்னாங்க." இது மூன்றாவது தடவை. பிப்ரவரியில் ஊழியர்கள் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள், பி வகை மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று பார்க்க. முடிவை அவரவர் நேரில் போய் வாங்க வேண்டுமாம். ஏன் நேரில்? எதிலோ கையெழுத்து வாங்கப் பார்க்கிறார்கள். நான் போகவில்லை. எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கிறேன். பீடி, சிகரெட், தண்ணி எதுவும் கிடையாது.

ஜூலை 8, செவ்வாய்

மடலுக்காக மங்கை மேடத்தின் அறிக்கைகளைக் கொடுத்தார்கள். (இனி ம.மே. இந்த நோட்டை யாராவது புரட்டினால்?) குறித்துக்கொண்டவை:

– பிறந்த குழந்தைக்கு அன்றைக்கே பி தடுப்பூசி. இங்கே அதை ஒரு நாள் விடாமல் நடத்துவது இவர். ஞாயிறு, பொங்கல் எதற்கும் விலக்கில்லை.
– கர்ப்பிணிகள் எல்லோருக்கும் ரத்தம் பார்ப்பது.
– காமாலைக்குப் பச்சிலை கொடுக்கிற வீடுகளுக்கே போனது. "மருந்து நீங்க குடுங்க, ரத்தம் மட்டும் நான் பாத்துக்கறேன்" என்று பேசிச் சரிக்கட்டியது. கெட்டிக்காரி.
– ஈரல் கெடும் முன்பே கண்டுபிடித்து மாத்திரையிலேயே காப்பாற்றிய நோயாளிகள். பெயர் கிடையாது. எண் மட்டும்.

ஏன் பெயர் இல்லை? பெயர் இல்லையென்றால் அப்படி ஒரு ஆள் இருக்கிறாரா என்று எவன் போய்ப் பார்ப்பது?

கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. தூக்கிவாரிப் போட்டது. 'மருத்துவமனை ஊழியர்களில் ஒருவருக்குத் தொற்று கண்டறியப்பட்டது. ஆண். சிகிச்சை தொடங்க வேண்டியுள்ளது.'

யார்?

1. டிரைவர். தண்ணி உண்டு. ஆனால் ஆள் திடகாத்திரமாக இருக்கிறான்.
2. ஸ்டோர் ஆள். சிடுசிடுப்பு ஜாஸ்தி. அது வியாதியில்லை.
3. காசி. ஒல்லி. கண்ணில் லேசான மஞ்சள். மதியம் பாதிச் சோறு அப்படியே டப்பாவில். ஒரு நாளைக்கு நாலு தடவை ம.மே. அறைக்குள் போகிறான். லேப் வேலை, போகத்தான் வேண்டும், சரி. கதவை ஏன் சாத்த வேண்டும்?

காசிதான். சந்தேகமே இல்லை.

ஜூலை 9, புதன்

மடல் தயார். அந்த வரியையும் சேர்த்தேன். 'தம் ஊழியர்களையும் விட்டுவைக்காத அக்கறை' என்று முன்னால் ஒரு மெருகு.

எப்படித் தெரிந்ததோ, ம.மே. நேரில் வந்துவிட்டார். "ஏழுமலை, அந்தக் கடைசி வரி வேணாம். நம்ம இடம் சின்னது. ஒருத்தர ஒருத்தர் உத்து உத்துப் பாப்பாங்க."

"சூப்பிரண்டு கையெழுத்துப் போட்டுட்டாரு மேடம்." பொய். அதற்கப்புறம்தான் ஓடிப்போய் வாங்கினேன்.

"சரி, நீங்க எப்ப வரீங்க? ரெண்டு நிமிஷம் தனியாப் பேசணும்."

"விழா வேல ஜாஸ்தி மேடம். முடியட்டும்."

ஏன் மறைக்கப் பார்க்கிறார்? தன் லேப் ஆளைக் காப்பாற்றத்தான். வரியை எடுக்கவில்லை. மதியமே அச்சுக்குப் போய்விட்டது.

வீட்டில் மனைவி செல்விக்கு ஒரே சந்தோஷம். கீழ்பென்னாத்தூரில் அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் முனுசாமி. அவர் மகனுக்கும் காசி பெண்ணுக்கும் பேசி முடித்தாகிவிட்டது, ஆவணியில் நிச்சயம். "கொஞ்சம் விசாரிச்சுக்கச் சொல்லு" என்றேன். "காசிக்கு ஈரல்ல தொத்து வியாதி."

"இன்னாங்க சொல்றீங்க? நெஜமாவா?"

"ஆஸ்பத்திரி விஷயம். வெளிய விடாத." சொல்லி முடிப்பதற்குள் போனை எடுத்துவிட்டாள். தடுத்திருக்கலாம். நாளைக்கு ஏதாவது என்றால் நம்மைத்தான் கேட்பார்கள். தடுக்கவில்லை.

ஜூலை 10, வியாழன், பௌர்ணமி

ஊர் முழுக்கக் கிரிவல ஜனம். வேங்கிக்காலில் காலையிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், இறங்கி நடந்தேன். அடி அண்ணாமலை மருத்துவ முகாமில் எனக்குப் பதிவு நோட்டு. கால் கொப்புளம், மயக்கம், சுளுக்கு. ம.மே. மேசையில் மட்டும் ரத்தப் பரிசோதனை. கிரிவலம் வந்தவர்களை உட்காரவைத்துப் பேசிப் பேசியே சம்மதிக்க வைக்கிறார்.

மதியம் காசி வந்தான். கையில் ஐஸ் பெட்டி.

"சார், கீழ்பென்னாத்தூர்ல இருந்து போன் வந்துச்சு. இப்போதிக்கி வேணாம், பாக்கலாம்ன்றாங்க. இன்னா ஏதுன்னு சொல்லல. பொண்ணு ரெண்டு நாளா எதுவும் பேச மாட்டேங்குது... இல்ல சார், நேத்து ராவுலருந்து. உங்க வூட்டுச் சொந்தம்தானே, கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?"

"கேக்கறேன்" என்றேன். அவன் போகாமல் என் முகத்தையே பார்த்தான். இவனுக்குத் தெரிந்திருக்குமோ? உள்ளே ஒரு நெருடல். இருந்தாலும் உண்மை உண்மைதானே.

ஜூலை 11, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதியே ஆக வேண்டும்.

ம.மே. என் அறைக்கே வந்து கதவைச் சாத்தினார். மாட்டிக்கொண்டோம், காசி விஷயம் தெரிந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

"அந்த ஒருத்தர் நீங்கதான், ஏழுமலை."

சிரித்தேன். நிஜமாகவே சிரித்தேன். சாம்பிள் மாறியிருக்கும் என்றேன். "ரெண்டு வாட்டி பாத்தாச்சு. உங்களுக்காக இன்னொரு வாட்டியும் பாப்போம், கைய நீட்டுங்க" என்றார்.

"நான் தண்ணி கூடப் போடறதில்லையே மேடம்."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. பொறக்கும்போதே வந்திருக்கலாம். ஊசி, பிளேடு, எதுன்னு இப்பச் சொல்ல முடியாது. ஈரல் எப்டி இருக்குன்னு பாக்கணும். தேவைன்னா மாத்திரை இருக்கு. வீட்டம்மாவும் பையனும் ரத்தம் குடுக்கணும், தொத்து இல்லன்னா தடுப்பூசி போட்டுக்கணும். சேந்து சாப்பிடறதால, தொடறதால வராது. பயப்படாதீங்க. ஆனா இவ்ளோ நாள் ஓடினீங்க பாருங்க, அதுதான் எனக்குக் கோவம்."

நான் கேட்டது என்ன? "யார் யாருக்குத் தெரியும் மேடம்?"

"உங்களுக்கும் எனக்கும்."

"காசிக்கு?"

"உங்களக் கூப்புடச் சொன்னேன். எதுக்குன்னு சொல்லல. அவரும் கேக்கல."

ஐந்து மாதம் இந்த அம்மா ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. நான் ஒரு நாள்கூட வைத்திருக்கவில்லை, அதுவும் தப்பான பெயரை. வெட்கமாக இருக்கிறது. அதைவிடப் பயம்தான் ஜாஸ்தி. செல்வியிடம் சொல்லவில்லை. அச்சடித்த மடல்கள் கட்டுக்கட்டாக என் மேசைக்கடியில்.

ஜூலை 12, சனி

விழா. கூட்டம் நிறைய. எல்லோர் கையிலும் மடல்.

படித்தேன். பிறந்த குழந்தைகள், கர்ப்பிணிகள், பச்சிலை வீடுகள், எல்லாவற்றுக்கும் கைதட்டல். என் தமிழைச் சூப்பிரண்டு தலையாட்டி ரசித்தார். அந்த வரி வந்ததும் தாண்டிப் போய்விட்டேன். என்ன பிரயோசனம்? படித்துக்கொண்டே வந்தவர்கள் தாளிலிருந்து தலையைத் தூக்கினார்கள். தூக்கி, மேடை ஓரத்தில் சால்வைத் தட்டோடு நின்ற காசியைப் பார்த்தார்கள். செல்வியின் போன் எங்கெங்கே சுற்றியதோ.

தட்டை வாங்க வேண்டியவன் ஸ்டோர் ஆள். கையை நீட்டவில்லை. "அங்கயே வெச்சுடு" என்றான்.

காசிக்கு ஒன்றும் புரியவில்லை. தட்டோடு அப்படியே நின்றார். ம.மே. நாற்காலியிலிருந்து எழுந்து வந்து தட்டை அவர் கையிலிருந்து தானே வாங்கிக்கொண்டார். என் பெயரை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காசி தப்பியிருப்பார். சொல்லவில்லை. சொல்ல மாட்டார். என் பக்கம் திரும்பவும் இல்லை. பார்த்து முறைத்திருந்தால் தேவலை.

சாயங்காலம் செல்வியிடம் சொன்னேன். அடுப்பை நிறுத்திவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். "அப்ப காசின்னு சொன்னீங்களே?" முதலில் கேட்டது அதைத்தான். அப்புறம்தான், "எனக்கும் வந்திருக்குமா? நம்ம சரவணனுக்கு?"

ஜூலை 13, ஞாயிறு

மேகமூட்டம். காலையில் இரண்டு பேரும் வண்டியில் கீழ்பென்னாத்தூர்.

முனுசாமி வேர்க்கடலை மூட்டைகளைப் பிரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தார். "வாங்க மாப்ள, இன்னா திடீர்னு?"

"காசிக்கு ஒண்ணுமில்ல மச்சான். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

நம்பவில்லை. கண்ணை இடுக்கிப் பார்த்தார். "பேரு யாருக்கும் சொல்ல மாட்டாங்களாமே. அப்றம் அவரு இல்லன்னு உங்களுக்கு எப்டித் தெரியும்? கூட வேல பாக்கற ஆளுன்னு பரிஞ்சு பேச வந்தீங்களா?"

நானாக இருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பேன். செல்வி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆளு நான்தான், மச்சான்."

கொஞ்ச நேரம் கடலையைக் கிளறினார். அப்புறம் போனை எடுத்துக் காசியிடமே பேசினார். ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், புதன்கிழமை வருகிறோம் என்றார். காசி என்ன சொன்னாரோ, எனக்குக் கேட்கவில்லை.

வண்டியைக் கிளப்பும்போது முனுசாமி பின்னாலேயே வந்தார். "மாப்ள, உங்க பையனுக்கு ரத்தம் பாத்தாச்சா?"

"நாளைக்குக் காலையில" என்றேன்.

செல்வி ஏறினாள். எப்போதும் என் தோளைப் பிடித்துக்கொள்வாள். இன்று சீட்டின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வீடு வந்து சேரும் வரை. கோபமா, பயமா? நான் கேட்கவில்லை.